பங்காளியாகப் போகாதீர்கள்

எங்கள் குடும்பத்தின் இலங்கைப் பயணத்துக்கு இப்போது இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் என் சகலை சொல்வது: "அனுராதபுரத்துல தமிழன்னு தெரிஞ்சதும் பிடிச்சு உக்கார வெச்சுட்டான்யா." இன்னொன்று, நடந்தது. முதலாவது நன்றாகப் பரவிவிட்டது. அதனால் இரண்டாவதை நான் எழுதவேண்டியதாகிவிட்டது.

பௌத்தக் கோயிலில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் பௌத்தன் இல்லை. மதுரைக்காரன். ஆனால் புறப்படுவதற்கு முன் உட்கார்ந்து படித்தவன் எங்கள் கூட்டத்தில் நான் ஒருவன்தான். படித்ததையெல்லாம் எண் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். பதிலுக்கு இரண்டு கும்பிடும், வாய்விட்டுச் சிரிக்கும் பொம்மை ஒன்றும் வந்தன. சிரித்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

விசா, விமானம், வேன், ஹோட்டல் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதை எந்த டிராவல்ஸ்காரரும் சொல்லுவார். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டு வராதீர்கள், அனுராதபுரம், சிகிரியா போன்ற இடங்களில் சார்க் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் குறைவு. எங்களை அனுப்பிய டிராவல்ஸ் கொடுத்த தாளில் கோயில்களைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: 'காலணிகளை வெளியே கழற்றவும்.' கழற்றிய காலணியை எதில் வைப்பது என்று அதில் இல்லை. எங்கள் வம்பு முழுக்க அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே வந்தது.

ஒத்துப்போவதால் வரும் வினை

பாங்காக்கில் விகாரைக்குள் நுழையும் தமிழர் கொஞ்சம் தயங்கி நிற்பார். கூரை வேறு, எழுத்து வேறு, முகம் வேறு. நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். இலங்கையில் அந்தத் தயக்கம் நமக்கு வருவதேயில்லை. வாசலில் பூக்கடை. உள்ளே எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி, அரச மரம். வலம் வருவதும் நம்மைப் போலவே வலப்பக்கமாக. பல விகாரைகளில் புத்தர் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சந்நிதியில் விஷ்ணு, இன்னொன்றில் கதிர்காமக் கந்தன். "அட, நம்ம கோயில் மாதிரியேதான் இருக்கு" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். அத்தோடு குரல் ஏறும், குழந்தைகள் ஓடும், போன் வெளியே வரும்.

ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளி எங்கே உட்காரச் சொல்வார்கள் என்று பார்த்து நிற்பார். பங்காளி நேரே அடுக்களைக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்ப்பார். இலங்கையின் பௌத்தக் கோயில்களுக்குள் நாம் பங்காளியாக நுழைகிறோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயம்தான்.

சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குள் போக ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றவேண்டும். அதே பயணத்தில் தெற்கே இறங்கி அனுராதபுரம் போனால் சட்டை உடம்பிலேயே இருக்கவேண்டும். ஆணானாலும் பெண்ணானாலும் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும்; தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் வெள்ளையில் வருகிறார்கள். நம் வெள்ளை வேட்டி சட்டைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பெண்களுக்குச் சேலை, சுடிதார் எதுவும் சரி. கையில்லாத ரவிக்கைதான் ஆகாது. என் மனைவி நான் சொன்னதைக் கேட்டுத் துப்பட்டாக்களைக் கூடுதலாக எடுத்துவைத்திருந்தாள். அவை எங்கள் வேனில் வந்தவர்களுக்கு மட்டுமல்ல, வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு நின்ற ஒரு வடநாட்டுப் பெண்ணுக்கும் உதவின.

பை

இனி, நடந்தது.

அனுராதபுரத்தில் இருக்கும் ஜய ஸ்ரீ மகா போதி, புத்தகயாவின் அரச மரத்திலிருந்து அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், தேவநம்பிய தீசன் ஆட்சியில் நட்டது. மனிதர் நட்டு, நட்ட காலமும் ஏட்டில் ஏறி, இன்னும் தளிர்விடும் மரங்களில் இதுவே மூத்தது என்கிறார்கள். என் மாமியார் அமாவாசையும் திங்களும் சேர்ந்து வந்தால் அரச மரத்தை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றியே வயதானவர். மூட்டு தேய்ந்த பிறகும் விட்டதில்லை. இலங்கை என்று பேச்சு எடுத்ததும் அவர் கேட்டது அந்த மரம் ஒன்றைத்தான். திருக்கோணேஸ்வரம்கூட அவருக்கு இரண்டாம்பட்சம்.

சகலை அன்று தோளில் ஒரு துணிப்பை மாட்டிவந்தார். புதுச்சேரியில் வாங்கியது. இரண்டு பக்கமும் கண் மூடிய புத்தர் முகம், பெரிதாக. "புத்தர் கோயிலுக்குப் போறோம், பொருத்தமா இருக்கட்டும்" என்று தனியாகப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தாராம். நான் அனுப்பிய பட்டியலில் புத்தர் உருவம் போட்ட உடை, பை எதுவும் வேண்டாம் என்று தெளிவாக இருக்கிறது. வேண்டுமானால் இப்போதும் போனில் எடுத்துக் காட்டுவேன்.

வாசலில் செருப்பு வைக்கும் இடம் உண்டு. சில்லறை கொடுத்தால் பார்த்துக்கொள்வார்கள். சகலைக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊரில் ஒரு கோயில் வாசலில் புதுச் செருப்பைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவர் எந்தக் கோயிலிலும் செருப்பை விட்டுவிட்டுப் போவதில்லை. எல்லார் செருப்பையும் அள்ளி அந்தப் பைக்குள் போட்டு மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார். நான் முன்னால் அத்தையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தால் அங்கேயே தடுத்திருப்பேன்.

சோதனைச் சாவடியில் காவலர் பையைத் திறந்தார். புத்தர் முகத்துக்குள் எங்கள் குடும்பத்துச் செருப்பு அத்தனையும்.

அவர் கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்னால் வெள்ளைச் சேலையில், தட்டு நிறையத் தாமரையோடு நின்ற ஒரு கிழவி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சகலை சிரித்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, சங்கடத்தில் வரும் நம்மூர்ச் சிரிப்புதான். வரிசையில் இருந்த ஒரு ஆள் சிங்களத்தில் சத்தம் போட ஆரம்பித்தது அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான். செருப்பைக்கூடத் தெரியாத்தனம் என்று விட்டிருப்பார்கள், சிரிப்பை விடமாட்டார்கள்.

சத்தம் கேட்டதும் சகலை விளக்கம் சொல்லத் தொடங்கினார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். புத்தர் எங்களுக்கும் சாமிதான், விஷ்ணுவுடைய ஒன்பதாவது அவதாரம், எங்கள் வீட்டு ஹாலிலேயே புத்தர் சிலை இருக்கிறது, மேலே தண்ணீர்கூட ஓடும். இதற்குமேல் ஒன்றும் இல்லை என்று நான் நினைத்தபோது, மரியாதையைக் காட்டுவதற்காக இரண்டு கையையும் கூப்ப நினைத்து, பையைக் கழற்றித் தரையில் வைத்தார்.

பக்கத்திலிருந்த போலீஸ் சாவடியில் உட்காரவைத்தார்கள். கல்யாண வீட்டுக் கதைக்காகச் சொல்கிறேன்: யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, என்ன சாதி என்ன இனம் என்று கேட்கவில்லை. பாஸ்போர்ட் எண்களை எழுதிக்கொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மேலதிகாரி வரட்டும் என்றார்கள். அவர் வரும்வரை சகலை வருகிற போகிற ஒவ்வொரு காக்கிச்சட்டையிடமும் அவதாரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

எங்கள் வேன் ஓட்டுநர் வவுனியாக்காரர், சிங்களமும் நன்றாகப் பேசுவார். செய்தி கேட்டு ஓடிவந்தவர் சகலையைத் தனியே அழைத்துப்போனார்.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் விளங்கப்படுத்த வேண்டாம். விளங்கப்படுத்த விளங்கப்படுத்தப் பிழை கூடிக்கொண்டு போகுது. மன்னிப்பு மட்டும் கேளுங்கோ."

"நான் வேணும்னு செய்யலையேப்பா!"

"வேணுமெண்டு செய்தியள் எண்டு இங்க ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை."

அந்தப் பதிலை நான் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன். மேலதிகாரி வந்ததும் சகலை மன்னிப்புக் கேட்டார். சுருக்கமாகக் கேட்டார், அதுவரை அவர் பேசியதிலேயே அதுதான் சுருக்கம். செருப்புகளை வெளியே எடுத்துக்கொண்டோம். பையை அவர்கள் வாங்கி மரியாதையாக மடித்து ஒரு மேசைமேல் வைத்தார்கள். போகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் உச்சிவெயில். வெறுங்காலோடு நடக்கவேண்டிய பாதை கொதித்துக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் திருகோணமலை போய்ச் சேரவேண்டும். அத்தை மரத்தைப் பார்க்காமலே வேனில் ஏறினார். மூட்டு வலிக்கு அஞ்சாமல் கடல் தாண்டி வந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். சகலையின் கதையில் அத்தை வருவதே இல்லை.

எல்லாளனின் தேர்

தெரியாமல் செய்த பிழையை அந்த மண்ணில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு மகாவம்சத்திலேயே ஒரு கதை இருக்கிறது. அதுவும் ஒரு தமிழ் அரசனைப் பற்றியது. சோழநாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன். பௌத்தன் அல்லன். ஒரு நாள் அவன் போன தேரின் நுகத்தடி இடித்து ஒரு தூபி சேதப்பட்டது. மந்திரிகள் சொன்னதும் அவன் நான் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. தேரிலிருந்து இறங்கி வழியில் படுத்து, தேர்ச்சக்கரத்தால் தன் கழுத்தை அறுக்கச் சொன்னான். புத்தர் பிறருக்குத் துன்பம் வருவதை விரும்பாதவர், தூபியைச் சீர்செய்து மன்னிப்புப் பெறுங்கள் என்று மந்திரிகள் தடுத்தார்கள். பெயர்ந்தவை 15 கற்கள். அவற்றைத் திரும்பப் பதிக்க அவன் 15,000 காசு செலவிட்டான்.

அவனைப் போரில் கொன்ற துட்டகைமுனு அவனுக்கு நினைவிடம் எழுப்பி, அதைக் கடந்து போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்திவிட்டுப் போகவேண்டும் என்று ஆணையிட்டதும் அதே நூலில்தான் வருகிறது. அதே துட்டகைமுனு, சங்கத்துக்குப் படைக்காமல் ஒரு கறியைச் சாப்பிட்டுவிட்ட பிழைக்காக மிரிசவெட்டிய தூபியைக் கட்டினான் என்பது மரபு. அந்தத் தூபி அனுராதபுரத்தில் இன்றும் நிற்கிறது. ஒரு கறிக்கு எவ்வளவு செங்கல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு அரசர்களும் வேண்டுமென்று செய்யவில்லை. இருவரும் அதைச் சொல்லித் தப்பவும் இல்லை. இறங்கினார்கள், சரிசெய்தார்கள். நீங்களோ உங்கள் வீட்டாரோ ஏதாவது செய்துவிட்டால் இதுதான் முறை: சிரிக்காதீர்கள், விளக்காதீர்கள், கையிலிருப்பதைக் கீழே வைக்காதீர்கள். தலையைத் தாழ்த்தி, "சமாவென்ன" என்று சொல்லுங்கள். சிங்களத்தில் மன்னிப்புக் கேட்கும் சொல். பயணத்துக்கு முன் வீட்டில் எல்லாரையும் ஒருமுறை சொல்லவைத்துப் பாருங்கள். சகலைமாரை இரண்டு முறை.

சட்டமும் உண்டு

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்காக. இலங்கை அரசியல் சாசனம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. மத உணர்வைப் புண்படுத்துவது தண்டனைச் சட்டத்தில் குற்றம். 2012இல் புத்தர் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல் படம் எடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்குக் காலி நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத்தண்டனையை ஒத்திவைத்து விதித்தது. படத்தைப் பிரதி போடக் கொடுத்த கடையிலிருந்துதான் புகார் போனது. 2014இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை விமான நிலையத்திலேயே கைதுசெய்து நாடு கடத்தினார்கள். அவர் விடாமல் வழக்கு நடத்தினார். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி இழப்பீடும் கொடுத்தது. நியாயம் கிடைத்தது, சரி. ஆனால் அதற்கு மூன்று வருடம். நமக்குத் திரும்பும் விமானம் நாளன்றைக்கு.

2019இல் ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகல தூபியின் மேல் ஏறிப் படம் எடுத்த பல்கலைக்கழக மாணவர்கள் கைதானார்கள். அவர்கள் உள்நாட்டுக்காரர்கள். அனுராதபுரத்தைச் சுற்றிப் புல் முளைத்த செங்கல் மேடுகள் எங்கும் கிடக்கும். அவை நம் கண்ணுக்கு இடிபாடு, அவர்களுக்குத் தூபி. ஏறாதீர்கள், உட்காராதீர்கள், பிள்ளைகளை ஏற்றி நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

படத்தைப் பற்றி ஒரே விதி: புத்தருக்கு முதுகு காட்டக் கூடாது. சிலையை மட்டும் எடுக்கப் பல இடங்களில் தடையில்லை. சிலையோடு நீங்களும் என்றால் செல்ஃபிக்கு முதுகைக் காட்டித்தானே ஆகவேண்டும்? அதனால் செல்ஃபி கிடையாது. சிலையைப் போல் கையை வைத்துக்கொண்டு போஸ் கொடுப்பதும் கிடையாது. தம்புள்ளக் குகைகளில் ஓவியங்கள் மேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். சிகிரியாவின் ஓவியப் பெண்களைப் படம் எடுக்கவே அனுமதி இல்லை.

சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை

நாம் தமிழர் என்பதால்தான் இவ்வளவு தடவுகிறார்கள் என்று எங்கள் வேனிலேயே முணுமுணுத்தார்கள். சிங்களவர்களையும் அதே வரிசையில்தான் தடவினார்கள். 1985 மே மாதம் இந்த மகா போதி வளாகத்துக்குள்ளேயே வழிபட வந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நகரில் அன்று செத்தவர்கள் நூற்றுக்கு மேல். செய்தவர்கள் விடுதலைப் புலிகள். 1998 ஜனவரியில் கண்டி தலதா மாளிகை வாசலில் லாரி வெடித்ததும் அவர்களால்தான். அந்த நாட்டில் தமிழர்கள் பட்டதும் நமக்குத் தெரியும், அவர்கள் இழந்தது இவற்றைவிடக் குறைவில்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்கும் இடம் செருப்பு வைக்கும் வரிசை அல்ல. பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டிவிட்டுப் போங்கள். கோயிலுக்குள் அரசியல் பேசாதீர்கள், தமிழிலும் பேசாதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாது என்று யார் சொன்னது?

பூவும் விளக்கும்

தாமரை, அல்லி, அரளி எது கிடைத்தாலும் வாங்கலாம். தாமரையாக இருந்தால் வெளியிதழ்களை மடித்து மலர்த்தித் தருவார்கள். முகர்ந்து பார்க்காதீர்கள், இது நம் ஊரிலும் உள்ளதுதான். பூவை அர்ச்சகர் கையில் கொடுக்க வேண்டியதில்லை, அர்ச்சகரே இல்லை. மேடையில் நீங்களே வைக்கவேண்டும், எறியக் கூடாது. வைத்த பூ வைத்ததுதான். அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தலையில் சூடிக்கொள்ளக் கூடாது. என் கொழுந்தியாள் கை நீட்டினாள், நல்லவேளை என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

தீபாராதனை, தீர்த்தம், விபூதி, பிரசாதம் ஒன்றும் வராது. வரும் வரும் என்று சந்நிதியில் நின்று பின்னால் வருகிறவர்களை மறிக்காதீர்கள். கற்பூரம் கொண்டுபோகாதீர்கள். புத்தர் முன் தேங்காய் உடைப்பதில்லை. விளக்கேற்றத் தனி இடம் இருக்கும், தேங்காயெண்ணெய் ஊற்றி அங்கே ஏற்றலாம். போதி மரத்தடியில் குடத்தில் தண்ணீர் சுமந்து சுற்றுவார்கள். நீங்களும் சேர்ந்துகொள்ளலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். இலையைப் பறிக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து வணங்குகிறவர்களுக்கும் புத்தருக்கும் நடுவே குறுக்கே நடக்காதீர்கள். உட்காரும்போது காலை முன்னால் நீட்டாதீர்கள், மூட்டு வலி என்றாலும் பக்கவாட்டில் மடக்குங்கள்.

விஷ்ணுவையும் கந்தனையும் கண்டதும் ஓடாதீர்கள். முதலில் புத்தர், பிறகுதான் தேவர்கள். அவர்களுடைய மரபில் விஷ்ணு, இலங்கையில் புத்தரின் சாசனத்தைக் காக்கும் காவல் தெய்வம். நம் அவதாரக் கதையில் புத்தர் விஷ்ணுவுக்குள் அடங்குகிறார், அங்கே விஷ்ணு புத்தருக்குப் பணி செய்கிறார். சகலை போலீஸ் சாவடியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று இப்போது புரியும். மரியாதை என்று நினைத்து, உங்கள் தலைவர் எங்கள் தலைவரின் ஒரு வேடம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிக்குகள்

கைகூப்பி வணங்குங்கள். அவர்கள் திருப்பிக் கைகூப்பமாட்டார்கள். இல்லறத்தாரை வணங்குவது துறவிகளுக்கு வழக்கமில்லை. "வணக்கம் சொன்னேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார்" என்று பிறகு புலம்பாதீர்கள். கைகுலுக்க நீட்டாதீர்கள். பெண்கள் அவர்களைத் தொட்டுவிடாமல் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் அவரைவிட உயரமான இடத்தில் உட்காராதீர்கள். நடுப்பகலுக்குப் பிறகு அவர்கள் சாப்பிடுவதில்லை, ஆகவே மாலையில் பார்க்கப்போகும்போது முறுக்கு டப்பாவை நீட்டாதீர்கள். பஸ்ஸில் முன் இருக்கை மதகுருமாருக்கு ஒதுக்கியது; காலியாக இருக்கிறதென்று உட்கார்ந்திருந்தாலும் அவர் ஏறினால் எழுந்துவிடுங்கள்.

நேரம்

அனுராதபுரத்துக்கு விடிந்ததும் போங்கள். ருவன்வெலிசாய தூபியைச் சுற்றியுள்ள கல்தளம் பத்து மணிக்குமேல் காலை வைக்க விடாது. வயதானவர்களுக்குக் காலுறை போட்டு அழைத்துப் போகலாம். எங்களுக்கு விடிகாலையில் கிளம்பத்தான் திட்டம். யார் குளித்து முடிக்கத் தாமதமானது என்று இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா விடுமுறை. அன்று மதுக்கடை மூடியிருக்கும், ஹோட்டலிலும் கேட்காதீர்கள். ஜூன் மாதத்துப் பொசன் போயாவுக்கு மிகிந்தலையிலும் அனுராதபுரத்திலும் நாடே திரண்டிருக்கும். வழியெல்லாம் தன்சல் போட்டு இலவசமாகச் சோறு போடுவார்கள். சோதனை செய்ய வந்தவர்போல் அண்டாவை எட்டிப் பார்க்காமல் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுங்கள். வாங்காமல் போவதைவிட வாங்கிக்கொள்வதே அவர்களுக்குச் சந்தோஷம்.

கண்டியில் தலதா மாளிகைக்குப் பூசை நேரம் பார்த்துப் போகவேண்டும்: காலை ஐந்தரை, ஒன்பதரை, மாலை ஆறரை. அப்போதுதான் உள்ளறைக் கதவு திறக்கும். தெரிவது புத்தரின் பல் அல்ல, அதை வைத்திருக்கும் பேழை. கண்ணிமைக்கும் நேரம்தான் கிடைக்கும். நகரச் சொல்வதற்கு முன்பே நகர்ந்துவிடுங்கள். அந்த மாளிகையின் எண்கோண மண்டபத்தைக் கட்டிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டியின் கடைசி அரசன், நாயக்கர் வழி வந்தவன். ஆங்கிலேயர்களால் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் இருக்கிறது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் கீழே நின்று "இது நம்மாளு கட்டினது" என்று உரக்க அறிவிக்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அறிவித்தார். அனுராதபுரத்துக்குப் பிறகும்!

யாரை அழைத்துப்போவது

குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சட்டை, பை, தொப்பி, போன் உறை, சாவிக்கொத்து எதிலும் புத்தர் முகம் இல்லை என்று புறப்படும் முன்னே நீங்களே பெட்டிகளைத் திறந்து பார்த்துவிடுங்கள். பட்டியல் அனுப்பினால் படிப்பார்கள் என்று நம்பவேண்டாம். கேள்வி வந்தால் பதில் சொல்ல ஒருவரை முதலிலேயே தீர்மானியுங்கள்; மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. வயதானவர் கேட்ட இடத்தை முதல் நாளில், முதல் வேலையாக முடித்துவிடுங்கள். மற்ற எதுவும் தள்ளிப்போகலாம்.

"நமக்குத் தெரியாததா" என்று சொல்லும் ஆள் உங்கள் வேனிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். மனைவியின் அக்கா புருஷனாக இருந்தால் விட்டுவிட்டும் போகமுடியாது, அதட்டவும் முடியாது. அவரிடம் பூத்தட்டைக் கொடுங்கள். பெரிய தட்டாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். "நீங்கதான் பெரியவங்க, நீங்களே ஏந்திக்கிட்டு வாங்க அண்ணே" என்று சொன்னால் மறுக்கமாட்டார். இரண்டு கையும் அதிலேயே இருக்கும். செல்ஃபி எடுக்கவும் முடியாது, பை மாட்டவும் முடியாது. கண்டியில் நான் அப்படித்தான் சமாளித்தேன். வாய்க்கு மட்டும் வழி கண்டுபிடிக்கவில்லை.